அடிமனை வாடகையில் ஓடும் கல்லூரி

நியூயார்க்கின் கூப்பர் சதுக்கத்தில் பழுப்புநிறக் கல்லால் கட்டிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. 1850களில் அதை எழுப்பியவர், அடித்தளத்திலிருந்து மேல்மாடி வரை வட்டமான ஒரு வெற்றுக் கூண்டை விட்டுவைத்தார். ஆட்களை ஏற்றிச் செல்லும் லிஃப்ட் அப்போது புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. சீக்கிரமே வந்துவிடும் என்று அவர் நம்பினார். வரும்போது அதற்காகச் சுவரை இடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். லிஃப்டும் வந்தது, ஆனால் சதுரமாக வந்தது. அந்தக் கூண்டுக்கென்றே தனியாக வடிவமைத்த லிஃப்டைப் பிற்காலத்தில் பொருத்த வேண்டியதாயிற்று.

வரப்போவது எது என்பதில் அவர் கணக்குச் சரியாக இருந்தது. அதன் வடிவத்தில் பிசகிவிட்டது. ஆனாலும் அந்தப் பிசகால் கட்டடம் சாயவில்லை, யாரும் கடனாளியாகவில்லை. கல்வி நிறுவனங்களின் ஆட்சிக்குழுக்கள் போடும் நீண்டகாலத் திட்டங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கூண்டுதான் என் நினைவுக்கு வருகிறது. அதே கட்டடத்தில் கூடிய கூப்பர் யூனியன் கல்லூரியின் அறங்காவலர்கள் ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறொரு கணக்குப் போட்டார்கள். அதுவும் பிசகியது. அந்தப் பிசகின் விலையை மாணவர்கள் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

கட்டியவரின் பெயர் பீட்டர் கூப்பர் (1791–1883). பசைத் தொழிற்சாலையில் பணம் பார்த்தவர். 1830இல் 'டாம் தம்' என்ற சிறிய நீராவி எஞ்சினைச் செய்து ஓட்டிக் காட்டியவர். பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த காலத்தைக் கூட்டினால் ஓராண்டு தேறாது. அந்தக் குறை அவரை வாழ்நாள் முழுதும் உறுத்தியது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், பகல் வேலை முடித்து இரவில் வந்து அறிவியலும் ஓவியமும் படிக்க ஒரு நிறுவனத்தை 1859இல் அறக்கட்டளையாக எழுதி வைத்தார். அதுதான் கூப்பர் யூனியன். மறு ஆண்டு பிப்ரவரியில், அதிபர் வேட்பாளராக இன்னும் அறிவிக்கப்படாத ஆபிரகாம் லிங்கன் அடிமை முறைக்கு எதிரான தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது அந்தக் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில்தான். இதே மண்டபம் 2013இல் வேறொரு பேச்சைக் கேட்கவிருந்தது.

தொடக்க ஆண்டுகளில் சிலரிடம் கட்டணம் வாங்கியதுண்டு. எல்லாருக்கும் இலவசம் என்ற நிலை உறுதிப்பட்டது 1902ஐ ஒட்டி. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பெருந்தொகை கொடுத்தார். கூப்பரின் வாரிசுகள் மன்ஹாட்டனின் நடுவே, லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு மனையை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மனையின் மேல்தான் 1930இல் கிரைஸ்லர் கோபுரம் எழுந்தது. ஊசிமுனைபோல் மின்னும் அந்த உச்சியைச் சினிமாவிலாவது பார்க்காதவர்கள் குறைவு. அதன் அடியில் இருக்கும் மண் ஒரு சிறிய கல்லூரிக்குச் சொந்தம் என்பது அந்த வழியாகப் போகிற நியூயார்க்வாசிகளில் பலருக்குத் தெரிந்திருக்காது.

கோயில் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மனை கோயிலுடையது, மேலே கட்டிய வீடு நம்முடையது, கோயிலுக்கு அடிமனை வாடகை கட்ட வேண்டும். கிரைஸ்லர் கோபுரமும் அதே கதைதான். கோபுரத்தை வாங்குகிறவர் வாங்குவது குத்தகை உரிமையை மட்டும். மனைக்கு உரியதைக் கூப்பர் யூனியனுக்குக் கட்ட வேண்டும். அதோடு, கல்லூரியின் சொத்துக்கு வரிவிலக்கு உண்டு என்பதால், நகராட்சிக்குப் போக வேண்டிய சொத்துவரிக்கு ஈடான தொகையும் கல்லூரிக்கே வந்து சேரும். இது நியாயமா என்று நகரம் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, தோற்றது. ஆயிரம் பேர்கூடப் படிக்காத ஒரு கல்லூரி, பொறியியலும் கட்டடக்கலையும் ஓவியமும் கற்பித்து, நூறாண்டுக்கு மேல் கட்டணம் வாங்காமல் நடந்ததற்கு இந்த அடிமனை ஒரு பெரிய காரணம்.

இப்படி ஒரு சொத்தை வைத்திருப்பவர்கள் யார்? அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் சட்டப்படியான அதிகாரம் அறங்காவலர் குழுவிடம் இருக்கிறது. பெரும்பாலும் ஊதியம் இல்லாத பதவி. ஆண்டுக்கு நான்கைந்து முறை கூடுவார்கள். கல்லூரித் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் இவர்கள் கையில். வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பது, சொத்தைக் காப்பது, நிறுவியவரின் நோக்கம் சிதையாமல் பார்ப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது, ஆனால் அன்றாட நிர்வாகம் எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். சொல்ல எளிது, அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குழுக்கள் வழுக்கி விழுகின்றன. தலையிடக் கூடாது என்பதைக் கேட்கவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம், கழிப்பறை டெண்டர் வரை கையெழுத்துக் கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1974இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்தப் பொறுப்பை ஒரு வரியில் சொன்னார்: நிகழ்காலத்தின் கோரிக்கைகளிலிருந்து எதிர்காலத்தைக் காக்கும் காவலர்களே அறங்காவலர்கள். இன்று படிக்கும் மாணவன் குரல் கொடுப்பான், ஆசிரியர் சங்கம் கொடி பிடிக்கும், கட்டட ஒப்பந்ததாரர் வாசலில் நிற்பார். முப்பது ஆண்டு கழித்துச் சேரப் போகும் மாணவனுக்குக் கூட்ட அறையில் நாற்காலி இல்லை. அவனுடைய வாக்கையும் சேர்த்துப் போட வேண்டியவர்கள் அறங்காவலர்கள். எனவேதான் முதல்நிதியைத் தொடாமல் வைத்து விளைச்சலை மட்டும் உண்ண வேண்டும் என்று பல அறக்கட்டளைகள் விதி வைத்திருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் பொதுவாக ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு ஐந்து பங்குக்கு மேல் எடுப்பதில்லை.

கூப்பர் யூனியனின் சிக்கல் திடீரென்று முளைத்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுதும் அங்கே வரவைவிடச் செலவு கூடுதலாகவே இருந்தது. துண்டு விழும்போதெல்லாம் ஏதாவது ஒரு சொத்து கை கொடுத்தது. ஒரு மனையை விற்றார்கள், ஒரு மனையை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். கூப்பர் குடும்பத்துப் பெண்கள் சேகரித்துத் தொடங்கிய அருங்காட்சியகமே 1960களின் இறுதியில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கைக்குப் போனது. விதைநெல்லை ஒரேயடியாக அள்ளி உலையில் போடுகிறவனைப் பார்த்துப் பதறுவோம். ஆண்டுக்கு ஒரு மரக்காலாக எடுத்தால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொரு விற்பனையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிந்தது.

2006: எல்லாவற்றுக்கும் ஒரே விடை

2006இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கிரைஸ்லர் கோபுரத்தின் குத்தகைதாரரோடு புதிய உடன்பாடு போடப்பட்டது. அதன்படி அடிமனை வாடகை ஆண்டுக்கு 77.5 லட்சம் டாலர். 2018 முதல் அது ஒரே தாவலில் 3.25 கோடி டாலர். 2028இல் 4.1 கோடி, 2038இல் 5.5 கோடி. காகிதத்தில் பார்த்தால் வாய் பிளக்கும் வளர்ச்சி.

இரண்டாவது காரியம்: அந்த மனையையே அடமானம் வைத்து ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் 17.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். முப்பது ஆண்டுக் கடன், வட்டி 5.875 விழுக்காடு. அறக்கட்டளைச் சொத்தை இப்படி அடமானம் வைக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அதையும் பெற்றார்கள். பணத்தின் பெரும்பகுதி புதிய கல்விக் கட்டடத்துக்கு. எதிர்ப்புறம், 41 கூப்பர் சதுக்கம் என்ற முகவரியில், கட்டடக் கலைஞர் டாம் மேய்ன் வடிவமைத்த ஒன்பது மாடி உலோகக் கட்டடம் 2009இல் திறக்கப்பட்டது. முகப்பில் கிழித்துவிட்டதுபோன்ற பிளவு, உள்ளே அலையாக ஏறும் பெரிய படிக்கட்டு. பரிசுகளும் பாராட்டுகளும் குவிந்தன. கடனில் எஞ்சிய பணம் முதலீடுகளுக்குப் போனது.

இங்கே பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 17.5 கோடிக்கு 5.875 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டும். அதே மனையிலிருந்து வரும் வாடகை 77.5 லட்சம். வரிக்கு ஈடான தொகை தனியாக வருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அடகு வைத்த நிலத்தின் வாடகை அந்தக் கடனின் வட்டிக்கே பற்றவில்லை. 2018 பிறக்கும் வரை பன்னிரண்டு ஆண்டுகள் இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். எதைக் கொண்டு? நன்கொடைகள் கூடும் என்றார்கள். முதலீடு நன்றாக விளையும் என்றார்கள். புதிய கட்டடத்துக்கென்று திரட்ட நினைத்த நன்கொடை இலக்கை எட்டவில்லை. 2008இல் உலக நிதிச் சந்தையே சரிந்தது.

கட்டடம் கட்டியதையே குற்றமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பழைய பொறியியல் கட்டடம் காலாவதியாகிவிட்டது. ஆய்வுக்கூடம் இல்லாமல் பொறியியல் கற்பிக்க முடியாது. கடன் வாங்குவதும் பாவமல்ல. தவறு வேறெங்கோ இருக்கிறது. அந்தத் திட்டத்தில் நான்கு நல்ல செய்திகள் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டியிருந்தது: சந்தை ஏற வேண்டும், நன்கொடையாளர் கொடுக்க வேண்டும், செலவு அடங்க வேண்டும், 2018 சொன்னபடி வர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினால் என்ன செய்வது என்ற பக்கமே அதில் இல்லை. வெள்ளம் வந்தால் திறந்துவிட மதகு இல்லாமல் கட்டிய ஏரிபோல. பீட்டர் கூப்பரின் வட்டக் கூண்டு தவறாகப் போவதற்கும் இடம் கொடுத்திருந்தது. இந்தத் திட்டம் கொடுக்கவில்லை.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தற்குறிகள் அல்லர். நிதித்துறையில், கட்டுமானத்தில், சட்டத்தில் பேர் பெற்றவர்கள் பலர். அப்படியானால் யாரும் ஏன் கேட்கவில்லை? கல்விக் குழுக்களில் இது பழைய நோய். அறங்காவலராக அழைக்கப்படுகிறவர் பெரும்பாலும் நன்கொடையாளர் அல்லது நன்கொடையாளர் ஆகக்கூடியவர். தன் அலுவலகத்தில் பத்து ரூபாய்க்குப் பதில் கேட்கிறவர்கூட இங்கே வந்தால் விருந்தாளியாகிவிடுகிறார். விருந்துக்குப் போன இடத்தில் உலையில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பது மரியாதையல்ல.

நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஓர் உதவிபெறும் பள்ளியின் ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். கூட்டம் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மேசைமேல் மினிட் புத்தகம் விரித்து வைத்திருந்தது. ஆறு தீர்மானங்களும் அழகான கையெழுத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் "ஒருமனதாக நிறைவேறியது" என்று இருந்தது. வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தார்கள். யாரும் திருடவில்லை. கெட்ட எண்ணம் ஒருவரிடமும் இல்லை. அந்த ஆறில் ஒன்று, விளையாட்டுத் திடலின் ஒரு பகுதியைக் கடைகளுக்கு விடுவது.

மண்டபத்தில் மீண்டும் ஒரு பேச்சு

2009 வரைகூட வெளியுலகம் கூப்பர் யூனியனை நிதி மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாகவே பார்த்தது. நியூயார்க்கின் பொருளாதார நாளிதழ் ஒன்று பாராட்டி எழுதியது. 2011இல் ஜாம்ஷெட் பரூச்சா புதிய தலைவராக வந்தார். இந்தியாவில் பிறந்தவர். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் முதல்முறையாக உண்மை வெளியே வந்தது: ஆண்டுதோறும் ஒரு கோடி டாலருக்கு மேல் துண்டு விழுகிறது, கட்டணம் வாங்குவதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் ஒரே நாளில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கசப்பெல்லாம் அந்த 'ஒரே நாளில்' என்பதில்தான் இருக்கிறது. பத்து ஆண்டாகப் பள்ளம் விழுந்துகொண்டிருந்ததைத் தெரிந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி மட்டும் இருந்திருக்கிறார்கள்.

2012 டிசம்பரில் பதினோரு மாணவர்கள் பழைய கட்டடத்தின் மேல்தளத்துக்குள் புகுந்து கதவைத் தடுத்துக்கொண்டு ஒரு வாரம் உள்ளே இருந்தார்கள். 2013 ஏப்ரல் 23 அன்று லிங்கன் பேசிய அதே மண்டபத்தில் குழுவின் தலைவர் அறிவித்தார்: 2014இல் சேரும் மாணவர்கள் முதல் பாதிக் கட்டணம், ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 டாலர். அதன்பின் கல்லூரித் தலைவர் பரூச்சாவின் அலுவலகத்தையே மாணவர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் பிடித்து வைத்திருந்தார்கள். 2014இல் ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள்.

வழக்கின் நடுவே நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்குரைஞர் எரிக் ஷ்னைடர்மன் விசாரணையைக் கையில் எடுத்தார். அறக்கட்டளைக்கு உரிமையாளர் கிடையாது. பயன்பெற வேண்டியவர்களோ இன்னும் பிறக்காதவர்களாகவும் இருக்கலாம். அவர்கள் சார்பில் வழக்காட அரசின் வழக்குரைஞருக்கு உரிமை உண்டு என்பது ஆங்கிலேய அறக்கட்டளைச் சட்டத்திலிருந்து கடல் கடந்து போன கொள்கை. அதே கொள்கை இன்னொரு கப்பலில் சென்னைக்கும் வந்தது. 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறங்களுக்கென்று உயில் எழுதி வைத்தார். நிறைவேற்ற வேண்டியவர்கள் கையில் அது பல பத்தாண்டுகள் இழுபட்டது. அன்றைய சென்னை உச்ச நீதிமன்றமும் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனும் தலையிட்ட பிறகுதான் பணம் அறத்துக்கு வந்து, 1842இல் பச்சையப்பன் பள்ளி திறந்தது. இன்றும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, பொது அறக்கட்டளை ஒன்று தடம் புரண்டால் அட்வகேட் ஜெனரல் வழக்குத் தொடுக்கலாம். அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியோடும் தொடுக்கலாம். நம் ஊரில் கல்லூரி அறக்கட்டளைகளைக் குடும்பச் சொத்துபோல் பேசுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

2015 ஜூனில் ஐந்து அறங்காவலர்கள் ஒரே மூச்சில் விலகினார்கள். அடுத்து பரூச்சாவும் விலகினார். செப்டம்பரில் உடன்பாடு எழுதப்பட்டது. கல்லூரி இலவசக் கல்விக்குத் திரும்ப முயல வேண்டும். அதற்கென்று குழுவுக்குள் தனியாக ஓர் 'இலவசக் கல்விக் குழு' அமைய வேண்டும். கணக்கைப் பார்த்து அறிக்கை தர வெளியிலிருந்து ஒரு நிதிக் கண்காணிப்பாளர். மாணவர்களுக்கு வாக்குரிமையோடு அறங்காவலர் இடங்கள், முன்னாள் மாணவர்களுக்குக் கூடுதல் இடங்கள். கூட்டக் குறிப்புகளும் வரவு செலவு ஆவணங்களும் வெளியே வர வேண்டும்.

கடைசி நிபந்தனையைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். மாணவர் இருவர் குழுவில் உட்கார்ந்ததால் மட்டும் எதுவும் மாறிவிடாது. பெரிய மேசையில் சின்னக் குரல் எளிதில் அமுங்கும். ஆவணம் வெளியே வந்தால் கணக்குத் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் நள்ளிரவில் வீட்டில் உட்கார்ந்து வட்டியையும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிடுவார். 2006இல் அப்படி ஒரு பத்துப் பேர் பார்த்திருந்தால் கடன் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. இவ்வளவு பெரிதாக, இவ்வளவு நம்பிக்கையோடு வாங்கியிருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டு, இன்னொரு கல்லூரி

2015 மார்ச் மாதம் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்வீட் பிரையர் என்ற பெண்கள் கல்லூரியின் குழு ஓர் அறிவிப்பு விட்டது: இந்தக் கோடையோடு கல்லூரி மூடப்படும். முதல்நிதி எட்டுக் கோடி டாலருக்கு மேல் இருந்தது. சேர்க்கை குறைகிறது, கட்டணத் தள்ளுபடி ஏறுகிறது, கிராமப்புறப் பெண்கள் கல்லூரிக்கு எதிர்காலம் இல்லை என்பது குழுவின் வாதம். கணக்கில் உண்மை இருந்தது. ஆனால் முன்னாள் மாணவிகள் எவரிடமும் முன்கூட்டி ஒரு சொல் சொல்லவில்லை. உதவுங்கள் என்று கேட்கவும் இல்லை.

அந்தப் பெண்கள் கிளம்பினார்கள். வழக்குகள், நன்கொடைத் திரட்டு, மாநிலத் தலைமை வழக்குரைஞரின் சமரசம். ஜூனில் உடன்பாடு எட்டியது: முன்னாள் மாணவிகள் 1.2 கோடி டாலர் தர வேண்டும், பழைய குழுவின் பெரும்பாலோரும் தலைவரும் விலகி, புதியவர்கள் பொறுப்பேற்க வேண்டும். கல்லூரி இன்றும் நடக்கிறது.

இரண்டு குழுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நியூயார்க் குழு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியது, வர்ஜீனியா குழு எதுவும் சரியாகாது என்று நம்பியது. இரண்டும் கதவைச் சாத்திக்கொண்டு நம்பின.

ஸ்வீட் பிரையர் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. மகளை இழந்த ஒரு தாய் 1899இல் எழுதிய உயிலில் பிறந்தது அந்தக் கல்லூரி. உயில் அதை வெள்ளைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தது. 1960களில் நீதிமன்றத்தின் வழியாக அந்தச் சொல் நீக்கப்பட்டது. நிறுவியவரின் நோக்கத்தைக் காப்பது குழுவின் கடமை என்றேன். அந்த நோக்கத்தில் எது சாறு, எது சக்கை என்று பிரிப்பதும் அதே குழுவின் தலையில்தான் விழுகிறது. இலவசக் கல்வி என்பது பீட்டர் கூப்பரின் நோக்கத்தில் சாறா சக்கையா என்பதே நியூயார்க் வழக்கின் நடுக் கேள்வி.

பத்தாண்டுத் திட்டம்

2017 ஜனவரியில் லாரா ஸ்பார்க்ஸ் கூப்பர் யூனியனின் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2018 மார்ச்சில் குழு ஒரு பத்தாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2028–29 கல்வியாண்டுக்குள் இளநிலை மாணவர் அனைவருக்கும் முழு இலவசக் கல்வி. அதற்குச் செலவுக் குறைப்பும் நன்கொடையுமாக ஏறத்தாழ 25 கோடி டாலர் தேற வேண்டும்.

2006இன் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது சுவையற்ற ஆவணம். மினுமினுக்கும் கட்டடப் படம் இல்லை. முதல் சில ஆண்டுகளில் மாணவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. கையிருப்பைத் தேற்றுவதே முதல் வேலை. பிறகு உதவித்தொகையைப் படி படியாக ஏற்றுவது. ஒவ்வொரு படிக்கும் முன் நிதி நிலை குறிப்பிட்ட அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படியில் நிற்க வேண்டும். 2018இல் வாடகை நான்கு மடங்கானபோது, அந்தப் பணத்தை உடனே கட்டணத்தை நீக்கப் பயன்படுத்துங்கள் என்ற குரல்கள் எழாமல் இல்லை. குழு இணங்கவில்லை. கோபப்பட்ட மாணவர்களின் பக்கம் நியாயம் இருந்தது. அவர்கள் படித்து முடிக்கும் வரை அந்த மெதுவான திட்டத்தால் அவர்களுக்கு முழுப் பயன் இல்லை. டோபின் சொன்ன காவலர் வேலை நேரில் பார்க்க இப்படித்தான் இருக்கும், யாருடைய கைதட்டலும் இல்லாமல்.

மெதுவாகப் போனது எவ்வளவு நல்லது என்பதைக் கிரைஸ்லர் கோபுரமே காட்டியது. 2008இல் அதன் குத்தகை உரிமையில் 90 விழுக்காட்டை அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2019இல் அது கைமாறியது ஏறத்தாழ 15 கோடி டாலருக்கு. இவ்வளவு வீழ்ச்சிக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று, 2018இல் தாவிய அந்த அடிமனை வாடகை. எந்த ஆண்டை எண்ணி எண்ணிக் கல்லூரி கடன் வாங்கியதோ, அந்த ஆண்டு வந்ததே குடியிருப்பவரின் முதுகெலும்பை முறித்தது. புதிதாக வாங்கிய இரண்டு நிறுவனங்களில் ஒன்றான ஆஸ்திரியாவின் சிக்னா 2023இல் திவாலானது. கொரோனாவுக்குப் பின் பழைய அலுவலகக் கட்டடங்களுக்கு ஆள் வருவது குறைந்தது. வாடகை நிலுவை இரண்டு கோடி டாலரைத் தாண்டியதாகச் சொல்லி 2024இல் கூப்பர் யூனியன் குத்தகையை முறித்தது. குத்தகைதாரர் வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது.

வாடகை ஏற்றத்தை ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது. கட்டுகிறவன் தாக்குப்பிடிப்பானா என்பதும் வாடகைக் கணக்கில் சேர்ந்தது. கோயில் மனைகளில் வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டு, வசூலாகாத நிலுவையை ஆண்டுக்கு ஆண்டு பேரேட்டில் சுமக்கும் நிர்வாகங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குத்தகை முறிந்த அதே 2024இன் செப்டம்பரில் கல்லூரி இன்னோர் அறிவிப்பையும் விட்டது. முன்னாள் மாணவர்கள் சிலர் கொடுத்த நன்கொடையால், அந்த ஆண்டு தொடங்கி நான்கு கல்வியாண்டுகளுக்கு இறுதியாண்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்கப் போவதில்லை. சொத்தில் பெரியதான மனையின் வாடகை நின்றுபோயிருக்கும் நேரத்தில் இப்படி அறிவிக்க முடிந்தது. 2011இல் வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோது முடியவில்லை.

இப்போது குழுவின் மேசைமேல் இருப்பது கடினமான வேலை. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் பழைய ஒரு கோபுரத்துக்கு, சட்டப்படி அனுமதியின்றி முகப்பை மாற்றக்கூட முடியாத ஒரு நினைவுச் சின்னத்துக்கு, புதிய குத்தகைதாரர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் 4.1 கோடி டாலர் என்று எழுதியிருந்த 2028உம், எல்லாருக்கும் இலவசம் என்று குறித்திருக்கும் 2028உம் ஒன்றே. வருகிறவர் அந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ள வாய்ப்பில்லை. குறைந்த வாடகைக்கு நெடுங்காலம் நிலைக்கிற ஒருவரா, கூடுதல் வாடகைக்கு எப்போது கழன்றுகொள்வார் என்று தெரியாத ஒருவரா என்று அறங்காவலர்கள் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்தில் இந்த முறை மாணவர் இருவருக்கும் நாற்காலி போட்டிருக்கிறது.